‘விட்டுவிட்டேன்’ என்ற சொல்லில் மிச்சம் இருப்பது யார்?

கேள்வி: பத்து நாள் தியான முகாம் ஒன்றுக்குப் போய்வந்தேன். என் அகங்காரத்தைப் பாதிக்கு மேல் விட்டுவிட்டேன். ஆனால் மனைவியும் தம்பியும் இதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். மிச்சத்தையும் விடுவதற்கு யோக தத்துவம் என்ன வழி சொல்கிறது?
– வாசகர், குழித்துறை

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் ‘விட்டுவிட்டேன்’. பிரித்துப் பாருங்கள். அதில் ‘விடு’ இரண்டு முறை வருகிறது. ஒருமுறை விட்டது போதாதென்று மறுபடியும் விட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் கடைசியில் ஓர் ‘ஏன்’ உட்கார்ந்திருக்கிறது. ‘நான்’ என்பதற்கான விகுதி அது. எதை விட்டாலும், விட்டதைத் தமிழில் சொல்ல அந்த ‘ஏன்’ வேண்டும்.

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் நிலைமை வேறு. மலையாள வினைச்சொல் இந்த விகுதியை எப்போதோ உதிர்த்துவிட்டது. நான் வந்தாலும் நீ வந்தாலும் அவள் வந்தாலும் அங்கே ‘வந்நு’தான். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் வந்தேன், வந்தாய், வந்தாள் என்று ஆளுக்கொரு வால். பாறசாலையில் இறங்கியதும் வால் போய்விடுகிறது. போன ‘நான்’ எங்கே போயிற்று? ‘ஞான்’ என்று வாக்கியத்தின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. வாலில் வெட்டினால் தலையில் முளைக்கிறது. எல்லையோரத்தில் இரண்டு மொழியும் பேசி வளர்ந்த நமக்கு இது தினமும் காதில் விழும் பாடம்.

‘விடு’ என்பதும் லேசான சொல் அல்ல. மூச்சு விடுகிறோம், விட்டது உடனே திரும்பி வருகிறது. பட்டம் விடுகிறோம், நூல் கையில் இருக்கிறது. பணத்தை வட்டிக்கு விடுகிறோம், பெருகித் திரும்புகிறது. முகாம்களில் விடப்படும் அகங்காரத்தில் பெரும்பகுதி வட்டிக்கு விடப்பட்டது என்றே நான் கருதுகிறேன். மௌன முகாம் ஒன்றில் இருந்து வந்த நண்பர் சொன்னார்: முன்வரிசை இருக்கைக்காக இருவருக்குள் சண்டை. பேசக்கூடாது என்பதால் துண்டுச்சீட்டு எழுதிச் சண்டை போட்டிருக்கிறார்கள். ‘என் இடம்’ என்று ஒருவர். ‘நேற்று முதல் என் இடம்’ என்று மற்றவர். மூன்றாம் நாள் இரண்டாமவர் எழுதினார்: ‘எனக்கு இடம் என்ற எண்ணமே இல்லை, ஆனாலும் அது என் இடம்.’ பத்தாம் நாள் மௌனம் கலைந்ததும் இருவரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு, தாங்கள் எவ்வளவு மௌனமாக இருந்தோம் என்று அரைமணி நேரம் பேசினார்களாம்.

‘பாதிக்கு மேல்’ என்கிறீர்கள். யோகத்துக்கு அடித்தளமான சாங்கியம் என்ற தத்துவ மரபு எண்ணும் 25 தத்துவங்களில் அகங்காரம் ஒன்று. மனமும் 10 இந்திரியங்களும் ஒலி, ஒளி போன்ற 5 நுண்கூறுகளான தன்மாத்திரைகளும் அதிலிருந்து பிறக்கின்றன என்பது அந்தக் கணக்கு. பிறந்தவை 16. நீங்கள் பாதியை விட்டிருந்தால் 8 உருப்படிகள் முகாமிலேயே தங்கியிருக்க வேண்டும். கண்ணும் காதும் ஒரு காலும் மண்டபத்தில் கிடக்க, மிச்சம் மட்டும் குழித்துறைக்கு ரயில் ஏறியிருக்க வேண்டும். தத்துவத்தில் அகங்காரம் என்பது திமிர் அல்ல. ‘இது நான்’ என்று குறிக்கும் கருவி அது. ரேஷன் கடையில் பெயர் வாசிக்கும்போது கை தூக்குவது அதுதான்.

‘ஈகோ’ என்ற சொல்லோடு எனக்கு இருக்கும் சண்டையும் இதனால்தான். இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த பிராய்டு 1923-இல் எழுதிய நூலில் ஜெர்மன் மொழியின் சாதாரணச் சொல்லான ‘இஹ்’ என்பதைத்தான் பயன்படுத்தினார். நம் ‘நான்’ போன்றது அது. ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்கள் அதற்கு ‘ஈகோ’ என்ற லத்தீன் சட்டை மாட்டினார்கள். வெளியுலகத்தோடு சமாளித்து ஆளை நடத்திச் செல்வது பிராய்டின் ‘நான்’. அதைத் தூக்கி எறிந்தவர் மார்த்தாண்டம் சந்திப்பில் சாலையைக் கடக்க முடியாது. அந்தச் சொல்லை எடுத்து வந்து செருக்குக்கும் யோகத்துக்கும் ஒரே முத்திரையாகக் குத்துகிறார்கள்.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொல்லும் சொல் அஸ்மிதை, அதாவது ‘நான் இருக்கிறேன்’ என்ற உணர்வு. பார்ப்பவனும், பார்க்கும் கருவியான புத்தியும் ஒன்றே போலத் தோன்றுவது என்று அதற்கு இலக்கணம் சொல்கிறார். துன்பத்துக்கு வேரான ஐந்து கிலேசங்களில் அது இரண்டாவது. முதலாவதான அறியாமையில் முளைப்பது. தவம், தன்னைப் படித்தல், ஈசுவரனிடம் ஒப்படைத்தல் என்ற கிரியா யோகம் எதற்கு? கிலேசங்களை மெலியவைப்பதற்கு என்கிறார். ‘மெலிதல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சம்பிரக்ஞாத சமாதி என்ற உயர்ந்த நிலையிலும் அஸ்மிதை கூடவே வருவதாக நூலின் முதல் பாதத்தில், அதாவது முதல் பகுதியில், எழுதிவைத்திருக்கிறார். அவ்வளவு தூரம் கூட வருவதைப் பத்து நாளில் இறக்கிவிட முடியுமா?

இந்தக் கிலேசங்களுக்கு நான்கு நிலைகளையும் அவர் சொல்கிறார்: உறங்குவது, மெலிந்தது, இடையறுந்தது, முழு வீச்சில் இருப்பது. மூன்றாவதற்கு, அந்த நூலுக்கான வியாசர் உரையில் வரும் உதாரணம் எனக்குப் பிடித்தது. ஒருவனிடம் ஆசை ஓங்கியிருக்கும் நேரத்தில் கோபம் தென்படாது. அதனால் கோபம் இல்லை என்று ஆகாது. உங்களுக்கு முகாமில் நேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் உத்தரவிட மனைவியும் அதட்டத் தம்பியும் அங்கே இல்லை. அகங்காரம் இடையறுந்து கிடந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் எழுந்துவிட்டது. அதைப் பார்த்த சாட்சிகள் அவர்கள் இருவரும். அளவெடுக்கும் உரிமையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

நான்கு நிலைகளையும் கடந்தால் கிலேசம் வறுத்த விதை போல ஆகிவிடும், பிறகு முளைக்காது என்கிறது அதே உரை. வறுத்த விதை என்றதும் எனக்கு அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரித் தொழிற்சாலை நினைவுக்கு வருகிறது. என் அம்மா 18 வருடம் அங்கே கொட்டை உடைத்தவள். ஓட்டுப் பால் பட்டு விரல் வெந்துவிடும் என்று கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவாள். ஆனாலும் விரல் நுனியெல்லாம் கருத்திருக்கும். ஒரு வாரம் கூலிக் கணக்கில் குறைந்தது. அம்மா போய்க் கேட்டாள். மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் சொன்ன பதில்: “உனக்கு அகங்காரம் கூடிப்போச்சு.” அந்தச் சொல்லை என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். தியானம் பற்றிப் பேசும் எவரிடமும் நான் முதலில் பார்ப்பது, யாரைப் பார்த்து ‘அகங்காரத்தை விடு’ என்கிறார் என்பதை. கூலி கேட்பவளைப் பார்த்து அதைச் சொல்பவரிடம் யோகம் கற்க எனக்கு விருப்பமில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மேடையில் சொற்பொழிவாளர் ஒருவரோடு எனக்கு இதே வாக்குவாதம். அய்யா வைகுண்டரின் வழிபாட்டுத் தலமான சாமிதோப்பில் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போவது பணிவுக்கு விரோதம், அகங்காரத்தின் அடையாளம் என்றார் அவர். அன்று நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். இன்று சொல்கிறேன். அய்யா வைகுண்டர் (1809–1851) வாழ்ந்த திருவிதாங்கூரில், தாழ்த்தப்பட்டவர்கள் தலையில் துணி கட்டக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது. அந்த மனிதர்களிடம் ‘தலைப்பாகை கட்டி வா’ என்றார் அந்தத் தவசி. சிறைக்கும் போனார். தலை நிமிர்ந்து உள்ளே போனால் பள்ளியறையில் இருப்பது விளக்கும் நிலைக்கண்ணாடியும். கட்டச் சொன்னதும் அவர்தான், கட்டிய முகத்தைப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். தலையில் துணியே கட்டவிடாதவன் முன்னால் தலைகுனிவது பணிவு ஆகாது, அது பயம். பயம் போன பிறகுதான் பார்ப்பவன் யார் என்ற கேள்வியே ஆரம்பமாகிறது.

அங்கிருந்து அருகில்தான் மருந்துவாழ்மலை. (‘மருத்துவாமலை’ என்று பலகை எழுதுகிறவர்களுக்கு நான் எழுதிய கடிதங்களைத் தனிப் புத்தகமாகவே போடலாம்.) அதன் பிள்ளைத்தடம் குகையில் தவமிருந்தவர் ஸ்ரீநாராயண குரு. குகையில் அவர் விட்டது என்னவாக இருந்தாலும், 1888-இல் நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து அருவிப்புறத்தில் அந்த உரிமை மறுக்கப்பட்ட சாதியில் பிறந்தும், சிவனாக நிறுவும் துணிச்சலை விடவில்லை. 1927-இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில் அவரும் கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். அவருக்கும் கேரளத்தின் இன்னொரு துறவியான சட்டம்பி சுவாமிகளுக்கும் யோகம் கற்பித்த தைக்காடு அய்யாவு சுவாமிகள், திருவனந்தபுரத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியின் அலுவலகமான ரெசிடென்சியில் உத்தியோகம் பார்த்த தமிழர். தியான வகுப்புக்கு இமயமலைப் படம் போட்டு நோட்டீஸ் அடிக்கும் நம்மூர்க்காரர்கள் ஒருவராவது அவர் பெயரைப் போடட்டும் என்று 20 வருடமாகக் கேட்டுவருகிறேன்.

மிச்சத்துக்கு வழி கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாமிதோப்புக்குப் போய்வாருங்கள். தலையில் கட்ட இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், தம்பியும் வரட்டும். கண்ணாடி முன்னால் அவரை முதலில் நிற்கவிடுங்கள்.