கடனும் காணிக்கையும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன், பெயர் வேண்டாம். நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவருக்கு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 52,000 ரூபாய். நாத்தனார் திருமணத்துக்கு வாங்கிய மூன்று லட்சம் தனிநபர் கடனில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பிறகு கிரெடிட் கார்டில் 1,20,000 ஏறிவிட்டது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறோம். என் அம்மா எனக்குப் போட்ட ஏழு சவரன் நகை 1,80,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. போன மாதம் பள்ளிக் கட்டணத்துக்காகத் தண்டலில் 20,000 எடுத்தோம். கையில் வந்தது 17,000; தினம் 200 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பல்லாவரத்தில் இருக்கும் என் அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது.

புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த (வேத வசனம் அச்சிட்ட) அட்டையில், 'நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன்கொடுப்பாய், நீயோ கடன்வாங்காதிருப்பாய்' என்று இருந்தது. அதைப் பார்த்தாலே அழுகை வருகிறது. கடன் வாங்கியது பாவமா? கல்யாணக் கடன் வாங்கிய பிறகு தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கையை, நிறுத்திவிட்டோம். அதனால்தான் இந்த நிலை என்கிறார் ஜெபக்குழுவில் ஒருவர். மறுபடி கொடுக்கத் தொடங்க வேண்டுமா? பாடகர் குழுவில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் கடனுக்கு என் கணவரை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் வீட்டு நிலையைச் சொல்லலாமா?

அன்புள்ள சகோதரி,

கடன் வாங்குவது பாவம் என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. 'உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே' என்பது மலைப்பிரசங்கம். கொடுப்பது கட்டளை என்றால் வாங்குவது மட்டும் எப்படிப் பாவமாகும்? 37ஆம் சங்கீதம் துன்மார்க்கன் என்று சொல்வது, வாங்கிவிட்டுச் செலுத்தாமல் போகிறவனை. நீங்கள் செலுத்த வழி தெரியாமல் தவிக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. 'கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை' என்ற நீதிமொழி எச்சரிக்கைதான், குற்றச்சாட்டு அல்ல.

உங்களை அழ வைக்கும் அந்த வசனம் உபாகமம் 28இல் இருக்கிறது. அதே வாக்கு 15ஆம் அதிகாரத்திலும் வருகிறது. அதை ஒருமுறை முழுவதுமாகப் படியுங்கள். ஏழாம் வருஷ முடிவில் கடன்களை விட்டுவிட வேண்டும், எளிய சகோதரனுக்குக் கையை மூடக்கூடாது என்ற கட்டளைகளுக்கு நடுவில்தான் அந்த வாக்கு இருக்கிறது. விடுதலை வருஷம் நெருங்கிவிட்டதே, இப்போது கொடுத்தால் திரும்பி வராதே என்று கணக்குப் பார்த்துக் கொடுக்காமல் இருந்தால் அது பாவம் என்கிறது அந்த அதிகாரம். யாருடைய பாவம்? கையில் பணம் வைத்திருப்பவனுடையது. அட்டையில் அச்சிடுகிறவர்கள் அந்தப் பகுதியை அச்சிடுவதில்லை. அதை யார் விரும்பி எடுப்பார்கள்?

மோசேயின் சட்டம் நெடுகிலும் கடன் கொடுத்தவனைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கவே கூடாது, அது அவன் பிழைப்பு. நெகேமியா 5ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்கி, கடைசியில் பிள்ளைகளையே அடிமைகளாக்கும் நிலைக்கு வருகிறார்கள். ஆளுநரான நெகேமியா அவர்களை உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. கடன் கொடுத்த பிரபுக்களைச் சபை கூட்டி நிறுத்தி, நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், வட்டியை விட்டுவிடுங்கள் என்கிறார். அந்த வட்டி நூற்றுக்கு ஒன்று. உங்கள் கார்டுக்காரர்கள் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது.

நம் சபைகள் இதைத் தலைகீழாக்கிவிட்டன என்பது என் வருத்தம். கடன்பட்டவர் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறார். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கிறோம், ஆட்சேபணை உண்டா என்று கேட்கிறோம். இந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு கடன் வாங்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. மண்டபத்தில் பிரியாணி நன்றாக இருந்ததா என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது.

இதற்கு மாற்று இருந்திருக்கிறது. ஜெர்மனியில் வெஸ்டர்வால்ட் பகுதிக் கிராமங்களின் மேயர் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன், ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. 1846–47 பஞ்சக் குளிர்காலத்தில் வசதியானவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். தர்மம் நீடிக்காது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டு, 1860களில் கிராமத்தாரே ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் கடன் சங்கங்களை அமைத்தார். வட்டிக்காரனிடம் மாட்டையும் நிலத்தையும் இழந்துகொண்டிருந்த விவசாயிகள் அதனால் தலைநிமிர்ந்தார்கள். இந்தச் செய்தி நம் சென்னைக்கும் வந்தது. மதராஸ் அரசுக்காக ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்த ஃபிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். அதன் சாரமாக அவர் சொன்னது, 'ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்', அதாவது அவரைப் போன்ற ஒருவரை. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் திரூரில் ஒரு சங்கம் பதிவானது. சொந்தமாக மண்டபம் கட்ட முடிகிற சென்னை சபைகளுக்கு இப்படி ஒரு சங்கம் நடத்த முடியாதா? முடியும், எண்ணம்தான் இல்லை.

சரி, உங்கள் சபை மாறும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது. 2 இராஜாக்கள் 4இல் ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் வருகிறாள். அவள் கணவன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், கர்த்தருக்குப் பயந்து நடந்தவன், கடனோடு செத்துப்போனவன். கடன் என்றால் விசுவாசக் குறைவு என்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். எலிசா முதலில் கேட்டது, உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று. ஒரு குடம் எண்ணெய் மட்டும் என்றாள். அடுத்து அவளை அண்டை வீடுகளுக்கு அனுப்பிப் பாத்திரம் கேட்கச் சொன்னார். ஆக, தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அந்தப் பாத்திரங்கள் நிறைய எண்ணெய் பெருகிய பிறகும், அதை விற்றுக் கடனைத் தீர்த்து மீதியில் பிழைத்துக்கொள் என்றார்.

உங்கள் வீட்டில் இருப்பது ஏழு சவரன். அதை விற்றுவிடுங்கள். அம்மா போட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், கஷ்டம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். தண்டலில் கையில் வந்த 17,000க்கு நூறு நாளில் 20,000 கட்டுகிறீர்கள். அசல் தினம் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். கார்டில் மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தால் 1,20,000க்கு வட்டி 4,200, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 756. குறைந்தபட்சம் என்று 6,000 கட்டினால் அசலில் குறைவது ஆயிரத்துச் சொச்சம். இன்றைய தங்க விலையில் உங்கள் நகையின் மதிப்பு அடகுத் தொகையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும். விற்றால் அடகு, தண்டல், கார்டு மூன்றும் அடைந்துவிடும். பிறகு தனிநபர் கடன் ஒன்றுதான் மிச்சம், அதை உங்கள் சம்பளம் தாங்கும். தீர்ந்ததும் கார்டை மூடிவிடுங்கள். அது பீரோவில் இருந்தால் தீபாவளித் தள்ளுபடிக்கு வெளியே வந்துவிடும்.

நகையை மீட்டால்தான் விற்க முடியும். அதற்கு இரண்டு நாளைக்குக் கைமாற்றாக 1,80,000 வேண்டும். பல்லாவரத்து அண்ணனிடம் கேளுங்கள். எல்லாத் தொகையையும் ஒரு தாளில் எழுதி, கணவரையும் கூட்டிக்கொண்டு போய், பாதியை மறைக்காமல் சொல்லுங்கள். அண்ணன் திட்டுவார். திட்டட்டும்.

வசூலுக்கு வருகிறவர்களைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. தண்டல், மீட்டர் வட்டி போன்றவற்றைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மிரட்டினால் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்காதீர்கள்.

தசமபாகம் பற்றி நான் சொல்வது சிலருக்குக் கோபம் தரும். கடன் தீரும்வரை அதை நிறுத்தி வைத்ததில் தவறில்லை. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்' என்று தேவனுக்கு நேர்ந்துவிட்டுத் தப்பிக்கிறவர்களை மாற்கு 7இல் இயேசு கடிந்துகொள்கிறார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போய் ஒப்புரவாகு என்றவரும் அவரே. கார்டில் தேய்த்து வாழ்கிற மாதத்தில் நீங்கள் போடும் காணிக்கை வங்கியின் பணம். மனம் கேட்கவில்லையென்றால் பத்து ரூபாய் போடுங்கள். இரண்டு காசு போட்ட விதவையைப் பாராட்டியவர் அதைக் குறைவாக நினைக்க மாட்டார். தசமபாகத்தை நிறுத்தியதால் கடன் வந்தது என்கிறவரிடம், கல்யாணக் கடன் வாங்கிய அன்று நீங்கள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஜாமீன் கையெழுத்து வேண்டாம். செலுத்த ஒன்றுமில்லாமல் பிணைப்பட்டால் படுத்திருக்கும் படுக்கையும் போய்விடும் என்று நீதிமொழிகள் 22 சொல்கிறது. நண்பரிடம் உங்கள் கணவரே நேரில் சொல்லட்டும், உங்கள் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க வேண்டாம்.

மகளிடம் சொல்லுங்கள். அந்த விதவையின் பிள்ளைகள் உள்ளே இருந்து பாத்திரங்களை எடுத்துக் கொடுத்தார்கள், ஒன்றும் தெரியாமல் தூங்கவில்லை. தண்டல்காரர் தினம் வாசலுக்கு வருகிறார் என்றால் அவளுக்குப் பாதி தெரிந்தே இருக்கும். கிறிஸ்துமஸ் துணிக்கு இந்த வருஷம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். நகையை விற்றதும் மீதிக் கணக்கை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.