மருத்துவ மாணவர்களுக்கான மென்பொருள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: முதலாண்டு எம்.பி.பி.எஸ். படிக்கும் மகளுக்கு அனாட்டமிக்கான முப்பரிமாண மென்பொருள் இலவசமாகக் கிடைக்குமா?

பதில்: இசட்-அனாட்டமி கிடைக்கிறது. தசையை மறைத்து நரம்பை, நரம்பை மறைத்து எலும்பை எனப் பார்க்கலாம். கட்டண மென்பொருள்களின் மெருகு இல்லையென்றாலும் முதலாண்டுக்கு இது போதும்.

கேள்வி: கட்டண அனாட்டமி மென்பொருளின் ‘கிராக்’ (உரிமப் பூட்டை உடைத்த) பிரதி பென் டிரைவில் 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: கூடாது. வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவச் சொல்லும் எதையும், பாடக்குறிப்புகள் முழுவதும் இருக்கும் கணினியில் ஏற்றாதீர்கள். குறிப்புகளுக்குத் தனி டிஸ்கில் பேக்கப் இருக்கிறதா என்பதையும் இன்றே பாருங்கள்.

கேள்வி: என் கணினியில் இவையெல்லாம் ஓடுமா?

பதில்: எந்தக் கணினி, ராம் எவ்வளவு என ஒன்றையும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். முப்பரிமாண மென்பொருளுக்கு 8 ஜிபி ராமாவது இருப்பது நல்லது. கேள்வி-பதில் அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டு நினைவில் நிறுத்தும் ஆன்கி போன்றவற்றுக்கு விண்டோஸ் 10 ஓடும் பழைய கணினியே போதும்.

கேள்வி: ஆன்கியில் ‘ஆன்கிங்’ என்ற ஆயத்த அட்டைத் தொகுப்பை இறக்கி, தினமும் 200 புதிய அட்டைகள் வைத்தேன். இப்போது 2,000 அட்டைகள் நிலுவையில் நிற்கின்றன. வேறு நல்ல மென்பொருள் சொல்லுங்கள்.

பதில்: மாதம் தவறாமல் வரும் கடிதம் இது, பழி எப்போதும் மென்பொருளின் மேல்தான் விழுகிறது. ஆன்கி புதிய அட்டைக்கு வைத்திருக்கும் இயல்பு அளவு நாளொன்றுக்கு 20. அதற்கே சில வாரங்களில் தினசரி மீள்பார்வை 150, 200 என்று ஏறிவிடும்போது, நீங்கள் பத்து மடங்கு வைத்துவிட்டு நிலுவையைக் கண்டு திகைப்பதில் பொருளில்லை. மேலும் ஏறத்தாழ 30,000 அட்டைகள் கொண்ட அந்தத் தொகுப்பு அமெரிக்க உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இக்காக உருவானது. கண்ணாடி விரியன் கடித்தவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையையோ, பென்டாவேலன்ட் தடுப்பூசியின் 6, 10, 14 வாரக் கணக்கையோ அங்கே எதிர்பார்க்காதீர்கள். நம் பல்கலைக்கழகத் தேர்விலோ சமூக மருத்துவமும் தடயவியல் மருத்துவமும் தனித் தாள்கள். எல்லா அட்டைகளையும் ‘சஸ்பெண்டு’ செய்து (கேட்காமல் நிறுத்தி) வைத்துவிட்டு, அந்த வாரம் வகுப்பில் நடந்த பாடத்தின் ‘டேக்’ (குறிச்சொல்) உள்ளவற்றை மட்டும் விடுவியுங்கள். தொகுப்பில் இல்லாதவற்றை, ஓர் அட்டைக்கு ஒரு செய்தி என்ற கணக்கில் நீங்களே எழுதுங்கள். எழுதும்போதே பாதி மனத்தில் நின்றுவிடும். படங்களுக்குப் பெயர்களை மறைத்துக் கேட்கும் ‘இமேஜ் அக்ளூஷன்’ வசதி உள்ளேயே இருக்கிறது. ஆன்கி தானாக எடுக்கும் பேக்கப் அதே டிஸ்கில்தான் கிடக்கும் என்பதால், தொகுப்பை ஏற்றுமதி செய்து வேறிடத்திலும் வையுங்கள்.

கேள்வி: ஆன்கி இலவசம் என்கிறார்கள், ஐபோனில் பணம் கேட்கிறதே?

பதில்: கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் ஒரே முறை சுமார் 25 டாலர். மாதச் சந்தா கேட்டால் அது பெயரை ஒட்டி வந்த வேறு செயலி.

கேள்வி: சி.டி. ஸ்கேன் படங்களை வீட்டில் பார்த்துப் பழக?

பதில்: 3டி ஸ்லைசர், இலவசம். கற்பதற்கு மட்டுமே, நோய் நிர்ணயத்துக்கு அனுமதி பெற்றதன்று. வார்டிலிருந்து நோயாளியின் பெயருள்ள கோப்புகளை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.