கடன் அனுமதியான நாளில் உங்களுக்கு வீடு இருந்ததா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: அப்பா 2018ல் உயில் எழுதாமல் இறந்தார். அவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீட்டில் அண்ணன் குடியிருக்கிறார். எனக்கு மூன்றில் ஒரு பங்கு கேட்டு 2020ல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். 2021 பிப்ரவரியில் வங்கிக் கடன் அனுமதியாகி ஃபிளாட் வாங்கினேன். முதல் வீடு என்று வருமான வரிச் சட்டத்தின் 80இஇஏ பிரிவில், வீட்டுக் கடன் வட்டிக்கு மூன்று வருடம் கழிவும் எடுத்தேன். இப்போது வருமான வரித் துறைக்கு மனு போடுவேன் என்கிறார் அண்ணன்.

அண்ணன் கதவைச் சாத்தியதையும், அம்மா அவர் பக்கம் நின்றதையும், "தாராளமாகப் போடலாம்" என்று ஆடிட்டர் சொன்னதையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. வரி விஷயத்தில் இதில் எதுவும் எடுபடாது. கடன் அனுமதியான தேதியில் உங்களுக்குச் சொந்தமாகக் குடியிருப்பு வீடு இருக்கக் கூடாது என்கிறது சட்டம். கேள்வி அது ஒன்றுதான்.

பட்டா அண்ணன் பெயரில் இருப்பது உங்களைக் காப்பாற்றாது. உயில் இல்லையென்றால், அப்பா கண்மூடிய அன்றே வாரிசுகளுக்குப் பங்கு வந்துவிடுகிறது. பிரிக்கப்படாத பங்கைச் சொந்த வீடாகக் கொள்ள முடியாது என்று வாதாட இடம் உண்டு. சொத்து விற்ற லாபத்தில் வீடு வாங்கினால் வரிவிலக்கு தரும் 54எஃப் பிரிவில், கூட்டாக வீடு வைத்திருப்பது தடையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றம் நேர்மாறாகப் பார்த்தது.

ஆனால் அந்த வாதத்தை, பாகப்பிரிவினை வழக்கில் நீங்கள் தாக்கல் செய்த பிராதே கெடுக்கிறது. "இந்த வீட்டில் எனக்குப் பங்குண்டு" என்று 2020லேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வருடம் "எனக்கு வீடே இல்லை" என்ற அடிப்படையில் கழிவு எடுத்திருக்கிறீர்கள். சம்மனோடு போன பிராது நகல் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கும். மனுவோடு அதை இணைத்தாலே போதும். தெரியாமல் நடந்தது என்றால் அபராதம் வரியில் 50 சதவீதம். தெரிந்தே மறைத்ததாக அதிகாரி எடுத்துக்கொண்டால் 200 சதவீதம்.

இந்த இடத்தில்தான் கட்சிக்காரர்கள் பெரிய தப்பு செய்வதைப் பார்த்திருக்கிறேன். பயந்துபோய் அவசரமாக, பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரம் பதிவு செய்வார்கள், அதில் "எனக்கு எந்தக் காலத்திலும் உரிமை இருந்ததில்லை" என்று எழுதச் சொல்வார்கள். இன்று எழுதும் பத்திரம் 2021ன் நிலையை மாற்றாது. இல்லாத உரிமையை யாரும் விடுதலை செய்ய முடியாதே, அதனால் அந்தப் பத்திரமே உரிமை இருந்ததற்குச் சாட்சியாகிவிடும். போதாததற்கு, வழக்கில் உங்கள் பங்கும் கையை விட்டுப் போகும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பணக் கணக்கைப் பாருங்கள். நீங்கள் 20 சதவீத வரம்பில் இருந்தால், 1.5 லட்சம் கழிவுக்கு 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து வருடம் 31,200 ரூபாய் வரி. மூன்று வருடமும் முழுக் கழிவு என்றால் 93,600. இதற்காக மேல்முறையீடு வரை அலைவது வீண். நோட்டீஸ் வருவதற்கு முன், காலக்கெடு மீதமிருக்கும் வருடங்களுக்கு அப்டேட்டட் ரிட்டர்ன் (பழைய வருடக் கணக்கைச் சரிசெய்து பின்னால் தாக்கல் செய்யும் வரிக் கணக்கு) போட்டுக் கட்டிவிடுங்கள். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நான்கு வருடம் வரை போடலாம். தாமதமாகும் வருடத்தைப் பொறுத்து, வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25, 50, 60, 70 சதவீதம் என்று கூடுதல் வரி ஏறும். 24பி பிரிவில் 2 லட்சம் வரை எடுத்த வட்டிக் கழிவுக்கு இதனால் ஆபத்தில்லை.

அண்ணனோடு வழக்கு தனி. அதைச் சமரசத்தில் முடிப்பது நல்லது என்றே சொல்வேன், ஆனால் வரியைக் கட்டிய பிறகு பேசுங்கள். மிரட்டல் இருக்கும்போது பேசினால் பங்கின் விலையை அவர்தான் வைப்பார்.