நானோ துகள் ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

ஸ்கேன் எடுக்கும்போது உள்ளுறுப்புகள் படத்தில் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்துகளை, கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய நானோ துகள்களில் உருவாக்கும் ஆராய்ச்சியில் தங்கள் மகளுக்கு ஆசை என்றும், அதற்காக இளநிலையிலேயே நானோ டெக்னாலஜி என்ற பெயருள்ள படிப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் இளநிலையில் அந்தப் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேதியியலிலோ இயற்பியலிலோ பி.எஸ்சி. சேர்த்துவிடுங்கள்.

காரணத்தை ஒரு மருந்தைக் கொண்டே விளக்குகிறேன். இரும்பு ஆக்சைடு நானோ துகள்களை இரத்தத்தில் செலுத்தினால், கல்லீரலிலுள்ள குப்ஃபர் செல்கள் அவற்றை விழுங்கிக்கொள்ளும், எம்.ஆர்.ஐ. படத்தில் நல்ல கல்லீரல் கறுத்துவிட, அந்தச் செல்கள் இல்லாத புற்றுக்கட்டி மட்டும் வெளுப்பாகத் தனித்துத் தெரியும். இப்படி வேலை செய்யும் ஃபெரிடெக்ஸ் என்ற மருந்துக்கு 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆயினும் 2008-இல் அதன் தயாரிப்பே நிறுத்தப்பட்டுவிட்டது. ஃபெருமாக்சிடால் என்ற மற்றொரு இரும்புத் துகள் மருந்து 2009-இல் சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கென அனுமதி பெற்றது. எம்.ஆர்.ஐ.க்கு வழக்கமாக ஏற்றும் கடோலினியம் கான்ட்ராஸ்டை ஏற்ற முடியாத நோயாளிகளுக்குச் சில மருத்துவர்கள் அதையே கான்ட்ராஸ்டாகவும் பயன்படுத்துகிறார்கள். அறிவியல் வென்றாலும் மருந்து நிலைக்கும் என்ற உறுதி இல்லாத துறை இது. ஆகவே வேறு வேலைக்கும் கைகொடுக்கும் அடிப்படைப் பட்டம் கையில் இருப்பது அவசியம்.

ஆய்வகத்தில் நடப்பதைப் பார்த்தாலும் இதுவே விளங்கும். ஃபெரிக், ஃபெரஸ் குளோரைடு என்ற இரண்டு இரும்பு உப்புகளை இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நீரில் கரைத்து அம்மோனியா விட்டால், ஆரஞ்சு நிறக் கரைசல் கண்ணெதிரே கறுத்துவிடும். அந்தக் கறுப்புதான் இரும்பு ஆக்சைடு துகள்கள்; குடுவைக்கு வெளியே காந்தத்தை வைத்தால் அது முழுவதும் அந்தப் பக்கமாக வந்து ஒட்டிக்கொள்ளும். இதை எம்.எஸ்சி. மாணவியே ஒரே நாளில் செய்துவிடலாம். துகள்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றனவா, மேலே டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரை வகைப் பொருளைப் பூசிய பிறகு இரத்தத்தில் திரளாமல் மிதக்குமா, உடலைவிட்டு எப்போது, எந்த வழியாக வெளியேறும் என்று கண்டறிவதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கும். அதற்கு வேண்டியது ஆழமான வேதியியல், இயற்பியல், உடலியல்.

பி.எஸ்சி. முடித்து ஜாம் தேர்வு வழியாக ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதி உதவித்தொகையுடன் பிஎச்.டி. என்று போகலாம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவமனையும் ஆய்வுக்கூடமும் ஒருசேர இருப்பதால், அதை நான் முதலில் சொல்வேன். எல்லாம் முடியப் பத்து ஆண்டுகள் ஆகும் என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். அவ்வளவு காலம் காத்திருக்கக் குடும்பச் சூழல் இடம் தராவிட்டால், இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க இயற்பியல் டிப்ளமோவுக்கு முயலலாம்; புற்றுநோய் மருத்துவமனைகளில் மருத்துவ இயற்பியலாளராகச் சேர அது நல்ல வழி.

மகள் பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு என்று தாங்கள் எழுதவில்லை. கணிதம் இல்லாத பிரிவு என்றால் இயற்பியல் வழி கடினம், வேதியியலையே உறுதிசெய்துகொள்ளுங்கள்.