எட்டுப் பேர் வேலை பார்க்கும் கடையில் முதலாளியே தொந்தரவு செய்தால் எங்கே புகார் கொடுப்பது?

கடையில் எட்டுப் பேர்தான், முதலாளியே கையைப் பிடிக்கிறார், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்கூட இல்லை, எனக்கு உரிமை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு மக்களே. வேலை இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தினக்கூலிக்கு நிற்கிறவருக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைந்த கடை என்றாலும், புகார் முதலாளி மேலேயே என்றாலும், மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர் புகார் குழுவுக்குப் போகலாம். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள்.

வீட்டில் "வேலையை விட்டிரு" என்றுதான் சொல்லியிருப்பார்கள். என் வீட்டிலும் அதேதான். மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். சேலைப் பிரிவு மேனேஜர் ஸ்டாக் பார்க்க என்று சொல்லி என்னை மாடி குடோனுக்குக் கூப்பிடுவான், அட்டைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவே ஒரு ஆள் போகிற இடம்தான் இருக்கும், அங்கே எதிரே வந்து வழியை மறித்து நிற்பான். தேதி, நேரம், அப்போது கீழே யார் யார் நின்றார்கள், எல்லாவற்றையும் பழைய பில் புக்கின் பின்பக்கம் எழுதி வைத்தேன். புகார் சொன்னதும் முதலாளி தன் தம்பியைத் தலைவராகப் போட்டு ஒரு கமிட்டி வைத்தார். தலைமை ஒரு பெண்ணாக இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும், இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம் என்று எழுதிக் கொடுத்தேன், திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டரிடமே போவேன் என்றும் சொன்னேன். அப்புறம்தான் ஒழுங்கான கமிட்டி வந்தது. வெளியிலிருந்து வந்த வக்கீலம்மா அந்த பில் புக்கைப் பக்கம் பக்கமாகப் படித்தார். அவனை அனுப்பிவிட்டார்கள்.

பொய்ப் புகார் கொடுக்கிறவர்களும் உண்டே என்று கீழே யாராவது எழுத வருவீர்கள், தெரியும். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக ஒரு புகார் பொய்யாகிவிடாது, இது சட்டத்திலேயே இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் மாநிலத்தில் சட்டத்திருத்தம் வந்தது. ஸ்டூலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் முறைக்கிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் சீசனில் அந்தப் பிள்ளைகள் வீங்கின காலோடுதான் ராத்திரி பஸ் ஏறுகிறார்கள், இதை யார் கேட்பது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டித் தரலாம். சாட்சிகளின் பெயர், விலாசம் சேர்த்து ஆறு பிரதி வேண்டும். விசாரணை முடியும்வரை லீவு கேளுங்கள், மூன்று மாதம் வரை தர வழி இருக்கிறது. நடுவில் யாராவது ஒரு தொகையோடு சமாதானம் பேச வந்தால், பணத்தை வைத்துச் சமரசம் செய்யச் சட்டம் விடாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.