மூன்று வயது மகன் ஆங்கிலத்தில் கேள்விகளைத் தப்பாகக் கேட்கிறான். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்த வேண்டுமா?

நிறுத்தாதீர்கள். மகன் போகும் மழலையர் பள்ளியில் யாரோ சொல்லித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் சொன்னார்கள். நான் நிறுத்தினேன்.

நாங்கள் இருப்பது லண்டனில். மூன்று வயதில் என் மகள் "வேர் டாடி இஸ் கோயிங்?" என்றுதான் கேட்பாள். "உங்கள் மொழியின் அமைப்பு கலந்துவிடுகிறது, கொஞ்ச நாள் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்றார் ஆசிரியை. ஆங்கிலத்தில் 'இஸ்' முன்னால் போய் "வேர் இஸ் டாடி கோயிங்?" என்று வர வேண்டும்; தமிழில் 'அப்பா எங்கே போகிறார்' என்பதில் எந்தச் சொல்லும் இடம் மாறுவதில்லை அல்லவா? அதனால் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. ஐந்து மாதம் பிள்ளையிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. தாலாட்டைக்கூட விட்டேன்.

பிறகு ஒரு நாள் பூங்காவில், ஆங்கிலம் தவிர வேறு மொழியே அறியாத பக்கத்து வீட்டின் பையன் தன் தாயிடம், "வொய் தி டாக் இஸ் வெட்?" என்று கேட்டான். அவள் திருத்தவில்லை, நாய் குளத்தில் விழுந்த கதையைச் சொன்னாள். எனக்குக் கைகால் ஓடவில்லை.

அன்றிரவு படிக்க உட்கார்ந்தேன். 1960களில் ஹார்வர்டில் ரோஜர் பிரவுன் குழுவினர் ஆடம், ஈவ், சாரா என்று பெயரிட்ட மூன்று குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்தார்கள். மூவரும் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பதிவுகளை ஆராய்ந்து எட்வர்ட் க்ளிமாவும் உர்சுலா பெலூஜியும் 1966இல் எழுதினார்கள்: முதலில் குரலை உயர்த்தியே கேள்வியாக்குகிறார்கள், பிறகு "கான்ட் இட் பி எ பிக்கர் டிரக்?" என்று சரியாகவே மாற்றிப் போடத் தெரிகிறது, ஆனால் அதே காலத்தில் "வொய் கிட்டி கான்ட் ஸ்டாண்ட் அப்?" என்றும் கேட்கிறார்கள். கேள்விச்சொல்லை முன்னால் கொண்டுவருவது ஒரு வேலை, 'இஸ்', 'கான்ட்' போன்ற துணைவினையை எழுவாய்க்கு முன்னால் தள்ளுவது இன்னொரு வேலை. இரண்டும் சேர்ந்து வரச் சில காலம் பிடிக்கிறது. துணைவினை இல்லாத வாக்கியத்துக்கு 'டிட்'டைப் புதிதாகக் கொண்டுவர வேண்டும். "டிட் யூ வென்ட்?" என்று பிள்ளை இறந்த காலத்தை இரண்டு முறை போடுவது அதனால்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்கள் அப்படிப் பேசுவதில்லை. விதியைப் பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது.

நான் மொழியியல் படித்தவள் அல்ல. மருத்துவரிடம் போக வேண்டாம் என்று சொன்னதாகவும் யாரும் எழுத வேண்டாம். காது கேட்பதில் சந்தேகம் இருந்தாலோ, பேசிய பேச்சு நின்றுபோனாலோ உடனே போங்கள். இந்தச் சொல்வரிசைக்காகத் தாய்மொழியைப் பறிக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. ஆங்கிலக் கேள்விகள் பள்ளியில் சேருவதற்குள் தாமாகவே சரியாகிவிட்டன. தமிழ்தான் திரும்பவில்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு நான் தமிழில் பேசினால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். இதையும் சொல்லிவிடுகிறேன்: மதுரைக்குப் போனால் என் சொந்தக்காரர்களே அவளிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். போன ஆகஸ்டில், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்து, "அம்மாச்சி, பூனை எங்கே போச்சு?" என்று கேட்டாள். அம்மாச்சி வாய் திறப்பதற்குள் என் அண்ணன் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டார். அந்த விடுமுறையில் அவள் தமிழில் வேறு எதையும் கேட்கவில்லை.