திருகோணமலையில் நகரம் எங்கே முடிந்து புறநகர் எங்கே தொடங்குகிறது?

சட்டக் கணக்கில் பதில் சுலபம். 2012 குடிசன மதிப்பீட்டில் மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் இருந்தவை மட்டுமே நகரம். மற்றப் பகுதிகளை நிர்வகிக்கும் பிரதேச சபைக்குள் வந்தால், எவ்வளவு நெருக்கமாக வீடுகள் இருந்தாலும் கிராமம்தான். 1980களில் சிறுநகரங்களுக்கான பட்டின சபைகளை ஒழித்துப் பிரதேச சபைகளுடன் சேர்த்ததால் பல சிறுநகரங்கள் கணக்கில் கிராமமாகின. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

தெருவைப் பாருங்கள். மத்திய வீதியில் கடையும் வீடும் ஒட்டி நிற்கும், மதிலுக்கு இடமில்லை, எல்லாம் நடந்தே முடியும். (பஸ் நிலையத்தருகே புள்ளிமான்கள் மேய்ந்தாலும் அது நகரம்தான்!) நகருக்கு வடக்கே அலஸ்தோட்டம் பக்கம் வளவு, வேலி, கிணறு, தென்னை. வீட்டுக்கு வீடு இடைவெளி. வேலைக்கும் பெரிய சந்தைக்கும் பஸ்ஸோ மோட்டார் சைக்கிளோ வேண்டும். அப்படி அன்றாடம் நகரத்தை நம்பி வாழும் குடியிருப்புதான் புறநகர்.